துக்காராம் ஓம்ப்ளே கையால் பற்றிய துப்பாக்கிக் குழல்

ஏ.கே. ரகத் துப்பாக்கியின் குழலைக் கையால் பற்றிவிட்டால் அது சுடுவது நின்றுவிடாது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதலில், பயங்கரவாதி அஜ்மல் கசாபைப் பிடிக்கும்போது உயிர்விட்ட மும்பை காவல்துறை உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளேவுக்கு ஒவ்வொரு நவம்பர் 26 அன்றும் எழுதப்படும் அஞ்சலிகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இந்த விஷயம்தான். துப்பாக்கியைப் பிடித்தார், குண்டுகளைத் தாங்கினார், கசாப் சிக்கினான் என்று மூன்று வரியில் கதை முடிந்துவிடுகிறது. அந்தத் துப்பாக்கி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் அந்த மனிதர் செய்தது என்னவென்று முழுதாகப் புரியும்.

தானாகத் தோட்டா ஏறும் கைத்துப்பாக்கியில், ஒவ்வொரு முறை சுடும்போதும் மேல்பகுதி பின்னால் போய் முன்னால் வர வேண்டும். அதை யாராவது இறுகப் பிடித்துக்கொண்டால் ஒரு குண்டு வெடிக்கலாம், அடுத்தது ஏறாது. ஏ.கே.யில் அப்படி இல்லை. தோட்டா வெடிக்கும்போது எழும் வாயுவில் ஒரு பங்கு, குழலுக்கு மேலே ஓடும் இன்னொரு சிறு குழாய்க்குள் புகுந்து உள்ளேயுள்ள தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. காலித் தோட்டா வெளியே விழுவதும் அடுத்தது ஏறுவதும் அந்தத் தள்ளலில் நடப்பவை. வெளியே தெரியும் குழல் அசைவதே இல்லை. ஆகவே குழலைப் பிடித்துக்கொண்டு தொங்கினாலும் விசையில் விரல் இருக்கும்வரை அது சுட்டுக்கொண்டேதான் இருக்கும். தொடர்ந்து அழுத்தினால் நிமிடத்துக்குச் சுமார் 600 குண்டுகள், அதாவது விநாடிக்கு 10. வழக்கமான மேகசினில் 30 தோட்டாக்கள். நிரம்பிய மேகசின் காலியாக மூன்று விநாடி போதும்.

அப்படியானால் குழலைப் பற்றியவரின் கையில் என்ன இருக்கிறது? குண்டு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது மட்டும். துப்பாக்கி வைத்திருப்பவனின் இரு கைகளுக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. குழலின் வாயருகே பிடித்தவரின் பிடியோ அவனுடைய பின்கையிலிருந்து தள்ளி இருக்கிறது. நெம்புகோல் கணக்கு இங்கே குழலைப் பிடித்தவர் பக்கம். கை விடாமல் இருந்தால், சுடுகிறவன் எவ்வளவு முறுக்கினாலும் துப்பாக்கியை இடம் வலமாகத் திருப்ப முடியாது. சுடச்சுடக் குழல் கொதிக்கும், உள்ளங்கை வேகும், ஒவ்வொரு குண்டும் உடம்பில் இறங்கும். அதற்குப் பிறகும் பிடி தளரக் கூடாது. தளர்ந்தால் அடுத்த வரிசைக் குண்டுகள் பக்கத்தில் நிற்கும் சக காவலர்களுக்கு.

மும்பையின் கிர்காவ் சௌபாத்தி கடற்கரையில் ஓம்ப்ளே செய்தது இதைத்தான். துப்பாக்கியின் திசையைத் தன் உடம்புக்கே ஒதுக்கிக்கொண்டார். கையில் லத்தியைத் தவிர எதுவும் இல்லை. எத்தனை குண்டுகள் பாய்ந்தன என்று ஆளுக்கொரு எண்ணைச் சொல்கிறார்கள். எண்ணைக் கூட்டிச் சொல்லி அவரைப் பெரிதாக்க வேண்டிய தேவையே இல்லை என்பது என் எண்ணம். ஒரு குண்டு பட்டதும் கை தானாக விலகுவது உடம்பின் இயல்பு. அவர் கை விலகவில்லை.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், ஜாவளி வட்டத்து கேடம்பே கிராமத்துக்காரர். தலைமுறை தலைமுறையாக ராணுவத்துக்கு ஆள் அனுப்பும் மாவட்டம் அது. ஓம்ப்ளேவும் ராணுவத்தில் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து, நாயக் பதவியில் ஓய்வு பெற்று, 1991இல் மும்பை காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர். ஒரு முழுப் பணிக்காலத்தை முடித்துவிட்டு இன்னொன்றை அடிமட்டத்திலிருந்து தொடங்கியவர். 2008இல் டி.பி. மார்க் காவல் நிலையத்தில் உதவி சப்-இன்ஸ்பெக்டர். நம்மூர் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் (எஸ்.எஸ்.ஐ.) போலவே, கான்ஸ்டபிளாக நுழைந்தவர்கள் பல ஆண்டு வேலை பார்த்து வந்து சேரும் படி அது. ஸ்டேஷனின் தெருக்கள், ஆட்கள், சந்து பொந்துகள் எல்லாம் அத்துப்படியாகத் தெரிந்தவர்கள் இந்தப் பதவியில் இருப்பவர்கள்தாம். இரவுப் பணியில் அதிகாரிகள் நம்பியிருப்பதும் இவர்களைத்தான். வீட்டில் மனைவியும் நான்கு மகள்களும்.

நவம்பர் 26 இரவு கடல் வழியே வந்திறங்கிய பத்துப் பேர், இரண்டிரண்டு பேராக ஐந்து பிரிவுகளாகப் பிரிந்தார்கள். தாஜ் ஹோட்டல், ஓபராய்-டிரைடென்ட், நரிமன் ஹவுஸ், லியோபோல்ட் கஃபே என்று மற்றவர்கள் போக, பத்துப் பேருக்கும் தலைவனான இஸ்மாயில் கானும் அஜ்மல் கசாபும் சத்ரபதி சிவாஜி ரயில் நிலையத்துக்கு வந்தார்கள். அங்கே கூட்டத்தின் மீது சுட்டார்கள், எறிகுண்டு வீசினார்கள். பிறகு காமா மருத்துவமனை. அதை ஒட்டிய ரங்க் பவன் சந்தில் காவல்துறை அதிகாரிகள் ஹேமந்த் கர்கரே, அசோக் காம்தே, விஜய் சாலஸ்கர் மூவரும் வந்த குவாலிஸ் வண்டியைச் சுட்டுத் துளைத்து, மூவரையும் உடனிருந்த காவலர்களையும் வீழ்த்தி, அதே வண்டியில் ஏறிக் கிளம்பினார்கள்.

இங்கே ஒரு மனிதரை நிறுத்திச் சொல்ல வேண்டும். குவாலிஸின் பின்புறம், சக காவலர்களின் உடல்களோடு உடலாக, கான்ஸ்டபிள் அருண் ஜாதவ் குண்டடிபட்டுக் கிடந்தார். உயிர் இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இருவருக்கும் அது தெரியவில்லை. வண்டியின் டயர் பழுதானதால் அவர்கள் அதை விட்டுவிட்டு, வெள்ளி நிற ஸ்கோடா கார் ஒன்றை மறித்துப் பறித்துக்கொண்டு போனார்கள். போன பிறகு ஜாதவ் வயர்லெஸ்ஸை எட்டிப் பிடித்துக் கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி சொன்னார். சௌபாத்தியில் தடுப்புப் போட்டு நின்றவர்களுக்கு எதிர்பார்க்க வேண்டிய காரின் அடையாளம் கிடைத்ததற்கு இந்தச் செய்தி முக்கியக் காரணம். ஓம்ப்ளேவைப் பற்றிப் பேசும்போது ஜாதவை விட்டுவிடுவது நியாயம் இல்லை. ஒருவர் சொன்ன தகவலின் மீதுதான் இன்னொருவரின் தீரம் நின்றது.

வடக்கே காவல்துறையில் நாகாபந்தி என்பார்கள். நாம் வாகனத் தணிக்கை என்கிறோம். பேரிகார்டை இழுத்துப் போட்டுக் கையைக் காட்டுவதுதான் தணிக்கை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். ஆயுதத்தோடு வருகிறவனுக்காகப் போடும் தணிக்கை வேறு வகை. அதில் முதல் வேலை இடம் பார்ப்பது. வண்டி தடுப்பைக் கண்ட பிறகு நுழைந்து தப்ப ஒரு சந்துகூட இருக்கக் கூடாது. தடுப்பு ரொம்பத் தூரத்திலிருந்தே தெரிந்தால் அவன் முன்னாலேயே திரும்பிவிடுவான். ரொம்பக் கிட்டே வந்துதான் தெரியும் என்றால் வேகத்தில் மோதிக்கொண்டு போய்விடுவான். இடம் அமைந்த பிறகு பேரிகார்டுகளை ஒரே நேர்கோட்டில் போடாமல் ஒன்று இடப்புறம், சற்றுத் தள்ளி இன்னொன்று வலப்புறம் என்று மாற்றி வைக்க வேண்டும். வண்டி வளைந்து வளைந்து வர வேண்டியிருப்பதால் வேகம் தானாக விழும். வண்டியை நிறுத்தச் சொல்பவர், சோதிப்பவர், துப்பாக்கியோடு காவல் நிற்பவர் என மூன்று வேலைக்கும் மூன்று பேர் தனித்தனியாக வேண்டும். சோதிப்பவரே துப்பாக்கியையும் பார்த்துக்கொள்ள முடியாது. வண்டிக்கு நேர் முன்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

இதில் அடிக்கடி நடக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, தடுப்புக்குப் பின்னால் எல்லாரும் கூடி நின்றுவிடுவது. வருகிறவன் ஐம்பது அடி முன்னாலேயே நிறுத்தித் திரும்பிவிட்டால் துரத்த ஆள் இருக்காது. அதனால்தான் வண்டி வரும் வழியிலேயே, தடுப்புக்கு முன்பாக, மறைவில் சிலரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பார்கள். இன்னொன்று, வண்டியின் இரு பக்கமும் எதிரெதிராக நின்று சுடுவது. கார்க் கதவின் தகடு தோட்டாவை நிறுத்தாது. இந்தப் பக்கம் சுட்டது அந்தப் பக்கம் நிற்கும் சக காவலர் மீது பாயும்.

டி.பி. மார்க் போலீசார் நின்ற இடம் கிர்காவ் சௌபாத்தி, கஃபே ஐடியல் அருகே, மரைன் டிரைவ் சாலையில். அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு இடத்தேர்வின் பலன் உடனே புரியும். தெற்கிலிருந்து வருகிற வண்டிக்கு இடப்புறம் கடல், அந்த இடத்தில் மணல். வலப்புறம் சாலையின் நடுத்தடுப்பு. எதிரே பேரிகார்டு. சந்து கிடையாது. இதைத் தாண்டிவிட்டால் சாலை ஏறுவது மலபார் ஹில்லுக்கு. ஆளுநர் மாளிகையும் முதலமைச்சர் இல்லமும் இருக்கும் பகுதி.

நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ அரை மணி நேரம். ஸ்கோடா வந்தது. பேரிகார்டுக்குச் சுமார் ஐம்பது அடி முன்னால் நின்றது. முன்விளக்கை அணைத்து உள்விளக்கைப் போடச் சொல்லிக் காவலர்கள் குரல் கொடுத்தார்கள். தணிக்கையின் பாலபாடம் இது. இரவில் முகப்பு விளக்கு எரியும் வண்டிக்கு எதிரே நிற்பவருக்கு உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. உள்ளே இருப்பவனுக்கோ வெளியே நிற்கும் அத்தனை பேரும் பளிச்சென்று தெரிவார்கள். உள்விளக்கு எரிந்தால் நிலைமை தலைகீழ்.

ஸ்கோடாவுக்குள் இருந்தவர்கள் இதற்கு நேர்மாறாகச் செய்தார்கள். முன்விளக்கு முழு வீச்சில் எரிய, கண்ணாடி மீது தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரை ஓடவிட்டார்கள். நனைந்த கண்ணாடியில் தெரு விளக்கும் டார்ச்சும் பட்டுச் சிதறும்போது, உள்ளே எத்தனை பேர், கைகள் எங்கே இருக்கின்றன என்று எதையும் கணிக்க முடியாது. பதற்றத்தில் செய்கிற காரியம் இல்லை இது. பயிற்சி பெற்றவர்கள் செய்வது.

அடுத்து, காரை வலப்பக்கம் ஒடித்துத் திரும்பப் பார்த்தார்கள். கார் நடுத்தடுப்பில் ஏறிச் சிக்கிக்கொண்டது. முன்சொன்ன முதல் பிழைக்கு அங்கே இடமில்லாமல் செய்தது அந்தச் சிமென்ட் தடுப்புதான். ஓட்டிய இஸ்மாயில் சுட்டான். அதிகாரிகள் ஹேமந்த் பாவ்தன்கரும் பாஸ்கர் கதமும் திருப்பிச் சுட்டார்கள், அவன் வீழ்ந்தான். இடப்பக்க முன் இருக்கையில் இருந்தவன் கசாப். காரை விட்டு வெளியே வந்தான். சரணடைகிறவன் போலத் தோன்றியது. அந்தப் பக்கமாக நெருங்கியவர்கள் ஓம்ப்ளேவும் உதவி ஆய்வாளர் சஞ்சய் கோவில்கரும்.

சரணடைகிறவனை எப்படி அணுகுவது என்பதற்குப் பாடம் உண்டு. கைகளைத் தூக்கச் சொல், விரல்களை விரிக்கச் சொல், தரையில் குப்புறப் படுக்க வை, ஒருவர் குறி வைத்து நிற்க மற்றவர் பின்பக்கமாகப் போய்க் கைகளைக் கட்டு. இது நடக்க, அணுகுகிறவர்களில் ஒருவர் கையிலாவது அவனுடைய ஆயுதத்துக்கு ஈடான ஆயுதம் இருக்க வேண்டும். லத்தியோடு போகிறவருக்கு இந்தப் பாடம் உதவாது. துப்பாக்கி மேலெழும்பியதைக் கண்ட கணத்தில் ஓம்ப்ளேவுக்கு முன் இருந்தவை இரண்டே வழிகள். பின்வாங்கலாம், நாலைந்தடி தூரத்திலிருந்து ஏ.கே.யிடம் பின்வாங்கிப் பிழைப்பது கடினம், பிழைத்தாலும் துப்பாக்கி அவனிடம் தாராளமாகச் சுழலும். அல்லது முன்னால் பாயலாம். குழலின் வாயைத் தாண்டிப் போய்விட்டால் நீளத் துப்பாக்கி நெருக்கத்தில் பயன்படாது. இது ராணுவத்தில் சங்கீன் பயிற்சி, அதாவது துப்பாக்கி முனையில் கத்தி மாட்டிப் போரிடும் பயிற்சி, பெற்ற யாருக்கும் தெரியும். அவர் முன்னால் பாய்ந்தார், குழலைப் பிடித்தார். கோவில்கருக்கும் ஒரு குண்டு பட்டது, அவர் பிழைத்தார். ஓம்ப்ளேவின் பிடி கொடுத்த விநாடிகளில் மற்றக் காவலர்கள் பாய்ந்து, லத்தியால் அடித்துக் கசாபைத் தரையில் வீழ்த்தினார்கள். சற்று முன்புதான் மூன்று உயர் அதிகாரிகளைக் கொன்றவன், கண்ணெதிரே சக காவலரைச் சுட்டவன். அவனை அந்த இடத்திலேயே முடித்துவிடாமல் உயிரோடு மருத்துவமனைக்கு அனுப்பிய கட்டுப்பாட்டுக்கும் அந்தக் குழுவைப் பாராட்ட வேண்டும்.

ஓம்ப்ளே உயிர் பிழைக்கவில்லை.

ஏன் லத்தி? அந்த இரவை நினைக்கும்போதெல்லாம் வந்து நிற்கும் கேள்வி இதுதான். அன்றைக்கு மும்பையில் காவல் நிலைய அளவில் துப்பாக்கி என்பது பெரும்பாலும் அதிகாரிகளின் இடுப்பில் இருக்கும் கைத்துப்பாக்கியோ ரிவால்வரோதான். பணிக்குப் போகும் கீழ்நிலைக் காவலர்களில் பலர் கையில் லத்தி மட்டும். ரயில் நிலையத்தில் காவல் இருந்தவர்களிடம் பழைய 303 ரகத் துப்பாக்கிகள் இருந்தன. அது நல்ல துப்பாக்கிதான், குறி தவறாது, தூரமாகப் பாயும். ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னால் தள்ளி, இறக்கிப் பூட்ட வேண்டும். நன்றாகப் பழகியவர் ஒரு குண்டு சுட்டு அடுத்ததை ஏற்றுவதற்குள் எதிரே இருப்பவனிடமிருந்து பத்துப் பதினைந்து குண்டுகள் வந்துவிடும். உலகப்போர்க் காலத்துத் துப்பாக்கியை வைத்துக்கொண்டும் எதிர்த்து நின்றவர்கள் அன்றைய ரயில் நிலையக் காவலர்கள். அவர்களைக் கோழைகள் என்று எழுதியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

குண்டு துளைக்காத உடுப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மெல்லிய அடுக்குத் துணியால் ஆன உடுப்பு கைத்துப்பாக்கிக் குண்டைத் தடுக்கும். ஏ.கே.யின் 7.62 மி.மீ. குண்டு விநாடிக்கு 700 மீட்டருக்கு மேல் வேகத்தில் வருவது. அதைத் தடுக்க நெஞ்சிலும் முதுகிலும் கடினமான தகடு செருகியிருக்க வேண்டும். தகடு வைத்த உடுப்பும் கழுத்தையும் தோளையும் கைகளையும் மறைக்காது. பளுவும் அதிகம், மும்பையின் புழுக்கத்தில் பன்னிரண்டு மணி நேரப் பணி முழுக்க அதைப் போட்டுக்கொண்டு நிற்க யாராலும் முடியாது. எனவே அது ஸ்டேஷனில் கிடக்கும், தேவைப்படும் நேரத்தில் உடம்பில் இருக்காது. வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று அரசு கணக்குக் காட்டுவதற்கும் காவலரின் நெஞ்சில் அது இருப்பதற்கும் உள்ள இடைவெளி இதுதான்.

தாக்குதலுக்குப் பிறகு மகாராஷ்டிர அரசு அமைத்த ராம் பிரதான் குழு, காவல்துறையின் ஆயுதம், தோட்டா, துப்பாக்கிப் பயிற்சி எல்லாவற்றிலும் இருந்த குறைகளைச் சுட்டிக்காட்டியது. பயிற்சிக்குத் தோட்டா இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் காவல்துறைக்கு வெளியே இருப்பவர்கள் உணர்வது குறைவு. துப்பாக்கி சுடுவது சைக்கிள் ஓட்டுவது போல ஒருமுறை கற்றால் ஒட்டிக்கொள்ளும் வித்தை கிடையாது. சுட்டுச் சுட்டுத்தான் கை நிற்கும். பல மாதங்கள் சுடாதவர் கையில் கொடுத்த துப்பாக்கி, அவருக்கே சுமை. தாக்குதலுக்குப் பின் மும்பையில் ஃபோர்ஸ் ஒன் என்ற அதிரடிப் படை வந்தது. தேசியப் பாதுகாப்புப் படைக்குச் சென்னை உள்பட நான்கு நகரங்களில் தளங்கள் அமைந்தன. தேசியப் புலனாய்வு முகமைக்கான சட்டம் 2008 டிசம்பரிலேயே நிறைவேறியது. எல்லாம் தேவையானவைதாம். ஆனால் அதிரடிப் படை வந்து சேரும்வரை களத்தில் நிற்பவர் எப்போதும் உள்ளூர் ஸ்டேஷன் காவலர்தான். சீர்திருத்தம் அவருடைய கைக்கு எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்த்துத்தான் நான் இவற்றை மதிப்பிடுவேன்.

உயிரோடு பிடித்ததால் என்ன கிடைத்தது என்பதையும் விவரமாகச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் ஓம்ப்ளேவின் மரணத்துக்குக் கணக்கு நேராகாது.

மற்ற ஒன்பது பேரும் செத்தார்கள். பிணம் பேசாது. அவர்களிடம் இந்துப் பெயர்களில் போலிக் கல்லூரி அடையாள அட்டைகள் இருந்தன. மணிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். பத்துப் பேரும் செத்திருந்தால், வந்தவர்கள் யார் என்பதில் எத்தனை குழப்பம் கிளப்பியிருக்கலாம் என்று நினைத்துப் பாருங்கள். கடலுக்கு அப்பாலிருந்து தொலைபேசியில் அவர்களை இயக்கியவர்கள், உயிரோடு பிடிபடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னது ஒட்டுக்கேட்ட உரையாடல்களில் பதிவாகியிருக்கிறது. எதை அவர்கள் நடக்கவே கூடாது என்று நினைத்தார்களோ, அதுதான் சௌபாத்தியில் நடந்தது.

கசாப் பேசியதும் சிதறிக் கிடந்த பொருள்களெல்லாம் ஒரு சரத்தில் கோர்வையாயின. நடுக்கடலில் கடத்தப்பட்ட குபேர் என்ற மீன்பிடிப் படகு, அதன் தலைவரின் சடலம், அதில் கிடைத்த ஜி.பி.எஸ். கருவியும் சாட்டிலைட் போனும், கரையில் விட்டுப்போன ரப்பர் படகின் யமஹா எஞ்சின். வெடிகுண்டுகளைப் பொதிந்து வைத்திருந்த இளஞ்சிவப்பு நுரைப்பஞ்சும் குபேரில் கிடைத்த நுரைப்பஞ்சும் ஒன்றாக இருந்தன. வழக்கில் இந்த மாதிரிச் சிறு பொருள்தான் பெரிய வேலை செய்யும். பாகிஸ்தானின் ஒகாரா மாவட்டத்து ஃபரீத்கோட் என்ற ஊர்க்காரன் என்று அவன் சொன்னான். முதலில் மறுத்த பாகிஸ்தான், 2009 ஜனவரியில் அவன் தன் நாட்டவன்தான் என்று ஒப்புக்கொண்டது. சதியின் ஒரு பகுதி தங்கள் மண்ணில் தீட்டப்பட்டது என்று அந்நாட்டு உள்துறைப் பொறுப்பாளர் அடுத்த மாதமே சொன்னார்.

வாக்குமூல விஷயத்தில் பலருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. போலீஸ் காவலில் ஒருவன் சொன்னது அவனுக்கு எதிரான சாட்சியமாக நீதிமன்றத்தில் நிற்காது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்பவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் உடனே எழுதிக்கொள்ள மாட்டார். இது உனக்கு எதிராகப் பயன்படும், சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று எச்சரித்து, போலீஸ் பிடியிலிருந்து விலக்கி, யோசிக்க அவகாசம் தந்து, பிறகுதான் பதிவு செய்வார். கசாபின் வாக்குமூலம் 2009 பிப்ரவரியில் இப்படித்தான் பதிவானது. பின்னர் அதை அவன் மறுத்தான். ஆனாலும் ரயில் நிலையத்தில் எடுத்த புகைப்படங்கள், கேமராப் பதிவுகள், நேரில் பார்த்தவர்களின் சாட்சியங்கள் அதற்குத் துணை நின்றன.

ஆர்தர் ரோடு சிறைக்குள்ளேயே அமைத்த தனி நீதிமன்றத்தில் எம்.எல். தஹலியானி முன் விசாரணை. 2010 மே 3 அன்று குற்றவாளி என்று தீர்ப்பு. மே 6 அன்று மரண தண்டனை. அவனோடு குற்றம் சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்கள் ஆதாரம் போதாமல் விடுவிக்கப்பட்டார்கள். 166 உயிர்களைப் பறித்த வழக்கிலும் சான்று இல்லாத இடத்தில் நீதிமன்றம் நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். 2011 பிப்ரவரியில் பம்பாய் உயர் நீதிமன்றமும், 2012 ஆகஸ்ட் 29 அன்று உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தன. உச்ச நீதிமன்றத்தில் அவனுக்காக வாதாட அரசுச் செலவில் மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன் நியமிக்கப்பட்டார். 2012 நவம்பர் 21 காலை, புனே எரவாடா சிறையில் தூக்கு.

2009 குடியரசு நாளில் ஓம்ப்ளேவுக்கு அசோக சக்ரா அறிவிக்கப்பட்டது. போர்க்களத்துக்கு வெளியே காட்டும் வீரத்துக்கு இந்த நாடு தரும் மிக உயர்ந்த விருது. அந்த ஆண்டு 11 பேருக்கு. கர்கரே, காம்தே, சாலஸ்கர், தாஜில் இறந்த மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன், நரிமன் ஹவுஸில் இறந்த ஹவில்தார் கஜேந்தர் சிங் ஆகியோரும் அந்தப் பட்டியலில் உண்டு. அதிகாரிகளும் தளபதிகளும் இருக்கும் வரிசையில் லத்தியோடு பணிக்குப் போன ஓர் உதவி சப்-இன்ஸ்பெக்டரின் பெயர் சமமாக நிற்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. 2025இல் கேடம்பேயில் அவருக்கு நினைவிடம் கட்ட மாநில அரசு நிதி ஒதுக்கியது.

இன்னொரு மரியாதை, அதிகம் பேருக்குத் தெரியாதது. மும்பையை ஒட்டிய தாணே பகுதியில் ஆய்வாளர்கள் கண்டறிந்த புதிய தாவும் சிலந்தி இனம் ஒன்றுக்கு 2021இல் ஐசியஸ் துக்காராமி என்று பெயர் வைத்தார்கள். தாவும் சிலந்திகள் வலை பின்னி இரைக்காகக் காத்திருக்காதவை. நேராகப் பார்த்து, கிட்டே போய், பாய்ந்து பிடிப்பவை. பெயர் வைத்தவர்கள் யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். உயிரியல் பெயர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை முறைப்படி பதிவாகிவிட்டால் ஆட்சி மாறினாலும் தெருப்பெயர் மாறினாலும் அது மாறுவது அரிது.

மும்பைக்குப் போகிறவர்கள் அந்த இடத்தைப் பார்க்க விரும்பினால், மேற்கு ரயில் பாதையில் சர்னி ரோடு நிலையத்தில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் வர வேண்டும். கடலைப் பார்த்து நின்றால் வலது கைப்பக்கம் கிர்காவ் சௌபாத்தி. மரைன் டிரைவ் ஓரமாகவே நடந்தால் ஓம்ப்ளேவின் சிலை வரும். சிலையைப் பார்த்ததும் திரும்பிவிடாமல், சாலையையும் ஒருமுறை பாருங்கள். அந்த நடுத்தடுப்பு, மணல், மலபார் ஹில் பக்கம் வளைந்து ஏறும் சாலை. தெற்கிலிருந்து வந்த கார் அதற்கு மேல் போகவில்லை.